‘நான் கட்டட வேலைதான் பார்த்தேன்’ என்ற தாத்தாவைப் பற்றி என்ன எழுதுவது?

பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பேத்தி கேட்டிருக்கிறார். தாத்தா 1963-ல் ராணுவத்தின் என்ஜினீயர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து 1991-ல் சுபேதாராக ஓய்வு பெற்றவர். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு மலர் அச்சடிக்கப் போகிறார்கள். டிரங்குப் பெட்டியில் ஏழு பதக்கங்கள், டிஸ்சார்ஜ் புக் (ஓய்வின்போது ராணுவம் கொடுக்கும் பணிப் புத்தகம்), ஒரு கட்டு பழைய கடிதங்கள் இருக்கின்றன. 1971 பாகிஸ்தான் சண்டையில் இருந்தார் என்று ஊரே சொல்கிறது. அவரோ கேட்டபோதெல்லாம் ‘நான் கட்டட வேலைதான் பார்த்தேன்’ என்று பேச்சை முடித்துவிடுவாராம். புக்கிலும் டிரேடு என்ற இடத்தில் ‘கார்ப்பென்டர்’ என்றுதான் இருக்கிறதாம். வீரர் என்று எழுதுவதா, நல்ல குடும்பத் தலைவர் என்று எழுதுவதா என்பது அவர் கேள்வி.

அடக்கத்தினால் தாத்தா அப்படிச் சொன்னார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை அம்மா. மனிதர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

நான் குடியாத்தத்துக்காரன். எங்கள் நைனாவும், அதாவது அப்பாவும், அதே சாப்பர்ஸ். நான் முப்பத்து மூன்று வருடம் தபால் துறையில் இருந்தேன். அப்போது எங்கள் பக்கம் தபால் வேலை என்றால் பாதி வேலை ராணுவ வேலைதான்: மணியார்டர், பென்ஷன், எல்லையிலிருந்து வரும் கடிதம், எப்போதாவது தந்தி. வேலூர் ஜில்லாவில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு பல வீடுகளில் இந்தப் பெட்டிகளைத் திறந்து காகிதம் படித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பதில்.

முதலில் அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் 1780 செப்டம்பர் 30 அன்று சென்னைக் கோட்டையில் இரண்டு கம்பெனி ‘பயனியர்’களாக, அதாவது படைக்கு வழி அமைப்பவர்களாக, தொடங்கியது. இன்று அதன் தாய்வீடு பெங்களூரில், அல்சூர் ஏரிக்கரையில். பட்டாளம் முழுக்க இவர்களுக்கு ‘தம்பி’ என்றே பெயர். பஞ்சாபி ஆபீசர்கூட ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார், நரைத்த மீசை உள்ள சுபேதாரையும். படை முன்னேறப் பாதை போடுவது, பாலம் கட்டுவது, எதிரி புதைத்த கண்ணிவெடியை எடுப்பது, நம் பக்கம் புதைப்பது, தண்ணீருக்கு வழி செய்வது, பின்வாங்கும்போது கட்டிய பாலத்தைத் தகர்ப்பது எல்லாம் இவர்கள் தலையில். தச்சர், கொல்லர், கொத்தனார், பிட்டர், மண் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர் என்று ஆளுக்கொரு தொழில் உண்டு. ஆனால் கார்ப்பென்டர் என்று எழுதியிருந்தால் மரம் இழைத்துக்கொண்டு மட்டும் இருந்தார் என்று பொருளில்லை. தொழில் தனி. அதற்கு மேல் எல்லாருமே சண்டைக்களத்துச் சாப்பர்கள், எல்லாருக்கும் துப்பாக்கியும் வெடிமருந்தும் பழக்கம். ஆக ‘கட்டட வேலை’ என்ற சொல்லுக்குள் இத்தனையும் அடங்கிவிடும். அவர் சொன்னதில் பொய் இல்லை, நாம்தான் சின்னதாகக் கேட்டுக்கொண்டோம்.

இன்னொன்று, நம்மைப் போல ஆந்திர எல்லை ஊர்க்காரர்களுக்கே உரியது. அந்தப் படையில் தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் கலந்திருப்பார்கள். வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசி வளர்ந்த பேரணாம்பட்டுப் பையனுக்கு அங்கே தனி மதிப்பு. எங்கள் நைனா சேர்ந்த புதிதில் இந்தி தெரியாது. ஆனால் கடப்பா பையனுக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழ் ஹவில்தார் நைனாவிடம்தான் சொல்லி அனுப்புவாராம். வி.கோட்டா மலைப்பாதைக்கு இந்தப் பக்கம் பிறந்ததற்குக் கிடைத்த ஒரே சலுகை என்பார். உங்கள் தாத்தாவுக்கும் அப்படி ஏதாவது இருந்திருக்கும். அவரோடு சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் இதைக் கேளுங்கள், சண்டையைக் கேட்பதைவிட வாய் திறப்பார்கள்.

இனி பதக்கங்கள். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் பார்த்த ஏழையும் படித்துச் சொல்கிறேன். இதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல சரக்கு.

ரக்ஷா மெடல் 1965 இருக்கிறது. சமர் சேவா ஸ்டார் இல்லை. முதலாவது, பாகிஸ்தானோடு 65-ல் சண்டை நடந்தபோது படையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. இரண்டாவது, போர்முனைப் பகுதியில் இருந்தவர்களுக்கு. ஆகவே 65-ல் அவர் படையில் இருந்தார், முனையில் இல்லை. இருபது வயதுப் பையன், பயிற்சி முடிந்து எங்கோ கூடாரம் அடித்துக்கொண்டிருந்திருப்பார். மலரில் 65 சண்டையைச் சேர்க்க வேண்டாம்.

அடுத்து நட்சத்திர வடிவில் ஒன்று. அது பஸ்சிமி ஸ்டார். 71 போரில் மேற்கு முனைக்கு உரியது. கிழக்கே, வங்காளத்துப் பக்கம் போனவர்களுக்குப் பூர்வி ஸ்டார். ‘வங்கதேச விடுதலையில் பங்கேற்றார்’ என்று உங்கள் மாமா எழுதிக் கொடுத்த வரியை எடுத்துவிடுங்கள். பதக்கமே மறுக்கிறது. அதோடு இருக்கும் சங்கராம் மெடல் அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பொதுவானது. சுதந்திர வெள்ளிவிழா மெடலும் அப்படித்தான், 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லாருக்கும் கிடைத்தது. ஒன்பது வருடப் பணிக்கு ஒன்று, இருபது வருடத்துக்கு ஒன்று. மீதி சைன்ய சேவா மெடல். அதன் ரிப்பனில் ஒரு சின்ன உலோகப் பட்டை குறுக்கே இருக்கும், அதில் இடத்தின் பெயர் பொறித்திருக்கும்: ஜம்மு காஷ்மீரா, இமாலயமா, நேஃபாவா (இன்றைய அருணாசலப் பிரதேசம்) என்று. உங்கள் படத்தில் அந்தப் பட்டை நிழலில் விழுந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். பனியில் வருடக்கணக்கில் கிடந்த மனிதரா, இல்லையா என்பது அந்தப் பட்டையில் இருக்கிறது.

ஒரு கெஞ்சல்: பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு மருமகள் பூஜைச் சாமானோடு சேர்த்துப் போட்டு பளபளவென்று ஆக்கிவிட்டாள். பதக்கத்தின் விளிம்பில் நம்பரும் ரேங்கும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அது தேய்ந்தால் வெறும் தகடு.

இப்போது 71. மேற்கு முனை, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று இரண்டும் சேர்ந்தாலே எங்கள் பக்கம் ‘பசந்தர் வீரர்’ என்று போர்டு எழுதிவிடுகிறார்கள். அதற்கு ஒரு காரணமும் உண்டு. பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து 1971 டிசம்பர் 15 இரவு நம் காலாட்படை அக்கரையில் இடம் பிடித்தது. துணைக்கு டாங்கிகள் போயாக வேண்டும். நடுவே கண்ணிவெடி வயல். 9-வது என்ஜினீயர் ரெஜிமெண்டின் மெட்ராஸ் சாப்பர்கள் குண்டு விழும் நேரத்தில் அதற்குள் பாதை எடுத்தார்கள். பாதை பாதிதான் முடிந்திருந்தது. எதிரி டாங்கிகள் திரள்கின்றன என்று செய்தி வந்ததும் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் டாங்கிகள் மீதிப் பாதையை விதியின் மேல் பாரத்தைப் போட்டுக் கடந்தன. மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையில்தான் இருபத்தொரு வயது அருண் கேதர்பால் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாதையை எடுத்த படையின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் உயிரைக் கொடுத்து மகாவீர் சக்ரா பெற்றார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சாப்பர் வேலை அப்படி. டாங்கி போனது ஞாபகம் இருக்கும், தடம் போட்டவன் ஞாபகம் இருக்காது.

அதற்காக, காகிதத்தில் இல்லாததை எழுதக் கூடாது. டிஸ்சார்ஜ் புக்கில் யூனிட்டுகளின் பட்டியல் இருக்கும். 71 டிசம்பரில் ‘9 என்ஜினீயர் ரெஜிமெண்ட்’ என்று இருந்தால் மட்டும் பசந்தர் என்று எழுதுங்கள். வேறு எண் இருந்தால் ‘மேற்கு முனையில் பணியாற்றினார்’ என்பதோடு நிறுத்துங்கள். மேற்கு எல்லை ராஜஸ்தான் மணல் வரை நீண்டு கிடக்கிறது. மிகைப்படுத்தி எழுதினால் முதலில் சிரிப்பது அவருடைய பழைய தோழர்கள்தான், படத்திறப்புக்கு அவர்களும் வருவார்கள்.

கண்ணிவெடி எடுப்பது எப்படி என்று ஒரு பத்தி எழுதலாம், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். கருவி இருக்கும், ஆனால் கடைசியில் கைதான். குப்புறப் படுத்துக்கொண்டு குத்துக்கம்பியைச் செங்குத்தாக இறக்காமல் சாய்த்து மண்ணுக்குள் விடுவார்கள். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும், சாய்த்தால் விலாவில் தட்டும். தட்டியது கல்லா வெடியா என்று விரல் சொல்ல வேண்டும். பிறகு அடுத்த விரற்கடை. சுத்தமான தடத்தின் இரு பக்கமும் வெள்ளை நாடா. மேற்கே டிசம்பர் 17-ல் துப்பாக்கி நின்றுவிட்டது. புதைத்த வெடிக்குப் போர் நிறுத்தம் தெரியாது. மற்றவர்கள் மூட்டை கட்டும்போது சாப்பர் மறுபடி குப்புறப் படுக்க வேண்டும்.

எங்கள் நைனா வயலில் வரப்பை விட்டு இறங்கவே மாட்டார். குறுக்கே நாலு எட்டு வைத்தால் கிணறு, அவர் சுற்றிக்கொண்டுதான் போவார். யாரோ நடந்த தடத்தில்தான் கால் வைப்பார். இதை வைத்து நான் பெரிய கதையெல்லாம் மனதில் கட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். ‘பாம்புக்குப் பயம்டா அவருக்கு’ என்றார். இரண்டில் எது என்று இனித் தெரியப் போவதில்லை. மலரில் எழுதும்போது இப்படிப்பட்டதை நடந்தபடி மட்டும் எழுதுங்கள், காரணம் கற்பிக்காதீர்கள்.

பாலத்துக்கு வருவோம். ‘கட்டட வேலை’யில் அவருக்குப் பிடித்தது அதுவாகத்தான் இருந்திருக்கும். பெய்லி பாலம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றும் பத்தடி நீளம், சுமார் 260 கிலோ. கிரேன் வேண்டாம், ஆறு பேர் கம்பு கொடுத்துத் தூக்கலாம். ஒரு கரையிலேயே கோத்துக் கோத்து உருளை மேல் தள்ளினால் பாலம் அக்கரைக்கு நீளும். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் மலை சரிந்து, சூரல்மலைக்கு அப்பால் முண்டக்கை துண்டிக்கப்பட்டபோது பெங்களூரிலிருந்து போன தம்பிகள் 190 அடிப் பாலத்தை ஆகஸ்ட் 1-க்குள் போட்டு முடித்தார்கள், மேஜர் சீதா ஷெல்கே என்ற பெண் அதிகாரியின் பொறுப்பில். அன்று எங்கள் பக்கத்து வீட்டு சுபேதார் மாமா டிவி முன்னால் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ‘பத்தொன்பது பே’ என்றார், பத்தடிக்கு ஒரு பே. சோறு ஆறிக்கொண்டிருந்தது. மாமி திட்டினார். ‘இரு, பலகை போடட்டும்’ என்றார். சட்டங்களைக் கோக்கும் இரும்பு முளையை அடிக்கிற சுத்தியல் சத்தம் டிவியில் சரியாகக் கேட்கவில்லை என்று அவருக்குக் குறை. உங்கள் தாத்தா அப்போது உயிரோடிருந்தார் அல்லவா, அன்று என்ன சொன்னார் என்று பாட்டியைக் கேளுங்கள்.

கடிதக் கட்டு என் பாடம். உள்ளே இருப்பதைப் பிறகு படியுங்கள், முகவரியை முதலில் பாருங்கள். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். ‘56 ஏ.பி.ஓ.’ என்றிருந்தால் வடக்கு, மேற்குப் பக்கம். ‘99 ஏ.பி.ஓ.’ என்றிருந்தால் கிழக்கு, அசாம் பக்கம். இடத்தின் பெயரை எழுதக் கூடாது என்பது விதி, அதனால்தான் வெறும் எண். முத்திரையில் தேதி இருக்கும். தேதி வாரியாக அடுக்கினாலே அவர் எந்த வருடம் எந்தத் திசையில் இருந்தார் என்று வந்துவிடும். ‘இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி தொடங்கும், சலித்துக்கொள்ளாதீர்கள். விஷயம் மூன்றாம் வரிக்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் ஒன்று: ‘தெற்குச் சுவருக்கு அஸ்திவார வாணம் எடுத்தால் மூன்றரை அடிக்குக் குறையாமல் எடுக்கச் சொல், மேஸ்திரி சும்மா சொல்வான், நம்பாதே. நீயே அளந்து பார். நூல் பெட்டியில் இருக்கிறது.’ எங்கிருந்தோ 56 ஏ.பி.ஓ.விலிருந்து குடியாத்தத்தில் வாணம் தோண்டிக்கொண்டிருக்கிறார் மனிதர். அம்மா அளந்தும் பார்த்தார். மேஸ்திரிக்கு அம்மாவைக் கண்டால் நடுக்கம்.

இங்கேதான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி வருகிறது. குடும்பத் தலைவர் என்பதற்குச் சான்றையும் ராணுவக் காகிதத்திலேயே தேடலாம். சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனால், பிள்ளை பிறந்தால், அதை யூனிட்டில் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று வெளியிட்டுப் பதிவு செய்வார்கள். பாட்டியின் பெயர், உங்கள் அப்பா, அத்தை பிறந்த தேதிகள் எல்லாம் அதில் ஏறியிருக்கும். அவர் அந்தக் கிளார்க் முன்னால் நின்று சொன்னவைதான் அவை. பிறந்த தேதிக்கும் பதிவான தேதிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிள்ளை பிறந்த செய்தி அவரிடம் போய்ச் சேர எத்தனை நாள் ஆனது, அதன் பிறகு எத்தனை மாதம் கழித்து லீவில் வந்து முகம் பார்த்தார் என்று கணக்குப் போடலாம். எங்கள் வீட்டில் என் தங்கைக்கு அந்தக் கணக்கு பதினோரு மாதம். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்தார். தங்கை அவரைப் பார்த்து அழவில்லை, மீசையைப் பிடித்து இழுத்தாள் என்று அம்மா சொல்வார். எனக்கு ஆறு வயது, வீட்டைச் சுற்றிக் காட்டியது நான்தான். புதிய தெற்குச் சுவரை ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவர் பாராட்டு.

பாட்டியின் பெயர் காகிதத்தில் தப்பாக ஏறியிருந்தால் இதையும் கவனியுங்கள். ‘கன்னியம்மாள்’ ‘கண்ணம்மா’ ஆகிப் பல வருடம் அலைந்த ஒரு விதவையை எனக்குத் தெரியும். பெயர் எழுதியவர் எங்கோ வடக்கே இருந்த ஒருவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முறையாக எழுதிக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். யூனிட் விவரம் விட்டுப் போயிருந்தால் பெங்களூரில் உள்ள சாப்பர்ஸ் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு அவர் நம்பரோடு எழுதலாம். ஆனால் மலரில் அவருடைய ராணுவ நம்பரையோ பென்ஷன் எண்ணையோ அச்சடிக்க வேண்டாம். பென்ஷன் பெயரில் போன் செய்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், பாட்டி தனியாக இருக்கிறார்.

வீட்டுக்குள் தேட வேண்டியவை காகிதமில்லாதவை. கார்ப்பென்டர் தாத்தா இருந்த வீடு என்றால் கதவு நிலை, ஏணி, பரண் எல்லாம் சாட்சி. ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த சாமான் எது, விலைக்கு வாங்கியது எது என்று பாட்டிக்குத் தெரியும். முடிச்சுகளைப் பாருங்கள். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குத் தூளி கட்டுவது நைனா மட்டும்தான், வேறு யாரையும் விட மாட்டார். பாலத்துக்குக் கயிறு கட்டும் அதே முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். கட்டிவிட்டுத் தன் முழு எடையையும் போட்டு ஒரு தடவை தொங்கிப் பார்த்த பிறகுதான் குழந்தையை வாங்குவார். அம்மாவுக்கு அது தினமும் தமாஷ். அவர் போன பிறகு ஒரு தூளி கட்ட வேண்டியிருந்தது, எங்களில் ஒருவருக்கும் அந்த முடிச்சு வரவில்லை.

அதனால் ‘வீரர்’ என்று ஒரு பக்கம், ‘பாசமிகு தந்தை’ என்று எதிர்ப்பக்கம் பிரிக்காதீர்கள். வருட வரிசையில் ஒரே ஓட்டமாக எழுதுங்கள். 1971 டிசம்பரில் அவர் எங்கே, அதே டிசம்பரில் பாட்டி எங்கே, வீட்டில் அரிசி இருந்ததா, மணியார்டர் வந்ததா என்று பக்கத்தில் பக்கத்தில் வரட்டும். குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருந்த வருடங்கள் கொஞ்சம்தான் இருக்கும், அவற்றுக்கு நிறைய இடம் கொடுங்கள். பாட்டி முதன்முதலில் காட்பாடியில் ரயிலேறியது அப்போதாகத்தான் இருக்கும். ரொட்டி சுடக் கற்றுக்கொண்டது, இந்தி பேசிக் காய்கறிக்காரனிடம் சண்டை போட்டது எல்லாம் அவர் வாயால் வரட்டும். அந்தப் பகுதியைப் படித்துத்தான் ஊர் சிரிக்கும், அழும்.

‘தாய்நாட்டின் மண்ணைக் காத்த’ என்று தொடங்கும் வாசகம் பிரஸ்காரரிடம் அச்சாகவே இருக்கும், கேட்காமலே சேர்த்துவிடுவார். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அட்டைப் படத்துக்கு யூனிஃபார்ம் படமா, வேட்டி படமா என்று வீட்டில் சண்டை நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் ஓட்டு, நீங்கள் அனுப்பியதில் நாலாவது படத்துக்கு: கைலியும் பனியனுமாக, காதில் பென்சில் செருகிக்கொண்டு, எதையோ அறுத்துக்கொண்டிருக்கிறாரே, அது.

பாட்டியிடம் உட்காரும்போது ரெக்கார்டரை எடுத்ததும் ‘சண்டையில் என்ன ஆச்சு’ என்று ஆரம்பிக்காதீர்கள், அது அவருக்கும் தெரியாது. முதல் தடவை லீவில் வந்தபோது பெட்டியில் என்ன கொண்டுவந்தார் என்று கேளுங்கள். சைன்ய சேவா பட்டையின் படத்தை நாளைக்கு அனுப்புங்கள், வெயிலில் வைத்து எடுத்தது.